ரேடியோவின் நெற்றியில் வெட்டிய பெயர்

எழுத்தை மறைக்க அதன்மேல் எதையாவது பூசிவிட்டால் போதும் என்று நினைக்கிற சுபாவத்தின்மேல் எனக்கு நெடுநாளாகவே மனஸ்தாபம் உண்டு. சென்ற வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில், பழைய மிக்ஸி ஜார்களுக்கும் ஜோடி தப்பிய செருப்புகளுக்கும் நடுவே கிடந்த ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்த நிமிஷத்தில், அந்த மனஸ்தாபம் கோபமாகவே ஆகிவிட்டது. யாரோ ஒருவர், செட்டின் முகத்தில் வெட்டியிருந்த முந்திய சொந்தக்காரரின் பெயரை மறைத்தாக வேண்டும் என்ற ஒரே லட்சியத்தோடு, ஸ்பீக்கர் ஜாலி, டயலின் ஓரம், கம்பெனியின் எழுத்து என்று எதையும் விட்டுவைக்காமல் வெள்ளிப் பெயின்டைக் கெட்டியாக அடித்திருந்தார். பெயர் மறைந்ததா என்றால், இல்லை. பெயின்ட் காய்ந்து பளபளத்ததில் ஒவ்வோர் எழுத்தின் கரையிலும் வெளிச்சம் பட்டு, முன்பு கிட்டத்தில் பார்த்தால்தான் தெரிந்திருக்கக்கூடிய பெயர், இப்போது பத்தடி தூரத்திலிருந்தே வாசிக்கும்படி ஆகியிருந்தது.

"என்ன தம்பி, இப்படிப் பண்ணி வெச்சிருக்காங்க?" என்றேன்.

"பேரு தெரியக் கூடாதுன்னு அடிச்சிருக்காங்க சார். அது ஒண்ணும் பிரச்னை இல்ல. மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டீங்கன்னா முடிஞ்சுது."

ஸ்டிக்கர்!

அந்த ஒரு சொல்தான் என்னை இதை எழுத உட்கார வைத்தது. ஏனென்றால், சென்ற நான்கு மாதங்களாக இதே மாதிரி ஒரு ரேடியோவின் முகத்தோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் தெரிந்துகொண்ட விஷயங்கள் ஸ்டிக்கருக்கும் பெயின்டுக்கும் எதிரான என் அபிப்பிராயத்தைப் பலப்படுத்தியிருக்கின்றன.

முதலில், ரேடியோவில் பெயர் எதற்கு என்று கேட்பீர்கள். நம்முடைய வீடுகளில் எவர்சில்வர் டம்ளர் முதல் பித்தளை அண்டா வரை பெயர் வெட்டாத பாத்திரம் உண்டா? பந்திக்கு இரவல் போன தூக்குச்சட்டி திரும்பி வரவேண்டும் என்பதற்காகவும், சீராக வந்த குடம் யார் கொடுத்தது என்பது பேரன் காலத்திலும் தெரியவேண்டும் என்பதற்காகவும், பாத்திரக் கடையிலேயே ஒருவர் உட்கார்ந்து புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருகிற வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. அப்படியிருக்க, தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் மட்டுமே இருந்ததும், தபாலாபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்ஸ் வைத்துக்கொண்டால்தான் கேட்க முடிந்ததுமான ரேடியோவை (அந்த லைசென்ஸ் 1980-களில்தான் ஒழிந்தது) பெயர் வெட்டாமல் விட்டுவிடுவார்களா? பாத்திரத்தோடு பாத்திரமாக அதையும் கொண்டுபோய் அதே ஊசியின் கீழ் வைத்துவிட்டார்கள்.

நான் வாங்கிய செட்டும் அப்படிப்பட்டதுதான். இரண்டு பேண்ட், தந்த நிறத்தில் பிளாஸ்டிக் கேபினெட், தோல் உறை போன இடம் தெரியவில்லை. டயலுக்குக் கீழே, சுத்தமான வெற்றிடத்தில், மூன்று வரிகள்: "திருமண அன்பளிப்பு", "நண்பர்கள்", "9-6-78". அதற்கு மேலே மணமக்களின் பெயர்கள் இருந்த இடத்தை, பிற்பாடு வந்த யாரோ ஆணியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறியிருந்தார்கள். வலது மூலையில் யாரோ ஒரு மெக்கானிக் சூடான சால்டரிங் கம்பியால் எழுதிய "37" என்ற எண். ஆக, ஒரே முகத்தில் மூன்று கைகளின் வேலை.

இதை நான் எனக்காக வாங்கவில்லை. அக்காவுக்காக வாங்கினேன். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டே வளர்ந்த தலைமுறை அவள். மொபைலில் எந்தப் பாட்டு வேண்டுமானாலும் வரும் என்று எத்தனை சொன்னாலும், முள்ளைத் திருப்பித் திருப்பி இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரலை வெளியே கொண்டுவருகிற அந்தச் சுகம் அதில் இல்லை என்பது அவளுடைய கட்சி. செட்டை ஆசையாக வாங்கிப் பார்த்தவள், மூன்று வரிகளையும் வாசித்தாள். ஆணிக் கீறலைத் தடவிப் பார்த்தாள். திருப்பி என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

"யாரோட கல்யாணப் பரிசோ, அதை நான் எப்படிடா என் வீட்டுல வெச்சுக்கறது? அதுவும் பேரைக் கீறி வெச்சிருக்காங்க. பார்க்கவே மனசு என்னவோ பண்ணுது."

அந்த வார்த்தைக்கு மறுமொழி கிடையாது. எழுத்தை எடுத்துவிட்டுத்தான் கொடுப்பது என்று தீர்மானித்தேன்.

முதல் பிரயத்தனம், எல்லோரும் செய்வதுதான்: உடனடி ஒட்டுப் பசையை எழுத்தின் பள்ளத்தில் சொட்டுவிட்டு, மேலே ஆப்ப சோடாவைத் தூவுவது. தூவிய மறுகணமே கல்லாக இறுகிவிடுகிறது; அந்த வேகத்தைப் பார்க்கும்போது, இவ்வளவு சுலபமான பரிகாரம் இருக்க இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே என்றுகூடத் தோன்றும். ஆனால் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தால்தான் உண்மை தெரியும். அடைத்தது கல், சுற்றியிருப்பது அதைவிட மிருதுவான பிளாஸ்டிக். தேய்க்கத் தேய்க்கச் சுற்றியிருப்பது கரைகிறதே தவிர, அடைத்தது அசைவதில்லை. பள்ளமாக இருந்த எழுத்து இப்போது மேடாக நிற்கிறது. "37"-இல் இருந்த மூன்றின் வயிற்றை மட்டும்தான் அப்படி அடைத்துப் பார்த்தேன் என்பதால் சேதம் சொற்பம். இன்னொன்றும் நடந்தது: டயலின் மூடியைக் கழற்றாமல் இந்த வேலையைச் செய்ததால், பசையின் ஆவி உள்ளே போய் அந்தக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கின்மேல் வெண்மையாகப் படிந்துவிட்டது. துடைத்து, பிராஸோ போட்டுத் தேய்த்து, அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு மாலைப்பொழுது போயிற்று. எந்த வேலை செய்வதாக இருந்தாலும் டயல், குமிழ்கள், ஸ்பீக்கர், போர்டு அத்தனையையும் கழற்றி, வெறும் கூட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

அப்புறம்தான் எனக்குத் தோன்றியது: வெட்டுகிறவரிடமே போய்க் கேட்டால் என்ன?

எங்கள் பேட்டைப் பாத்திரக் கடையின் வாசலில், முக்காலியில் உட்கார்ந்து நாற்பது வருஷங்களாகப் பெயர் வெட்டுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். கூட்டை அவர் கையில் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எழுத்தைப் பார்க்காமல், முதலில் விரலால் தடவினார்.

"மிஷின்லதான் வெட்டியிருக்கு. கை பழகாத ஆளு. அழுத்தம் ஜாஸ்தி."

"எப்படிங்க ஐயா தெரியுது?"

"எவர்சில்வர்ல ஊசி தட்டும், அவ்வளவுதான், குழி விழும். பிளாஸ்டிக்ல அப்படி இல்லீங்க. ஊசி வேகத்துல சூடாகி, இளகிப்போயி, ரெண்டு பக்கமும் வரப்பு கட்டிரும். இந்தா, தடவிப் பாருங்க. பள்ளம் மட்டுமா இருக்கு?"

தடவிப் பார்த்தேன். பள்ளம் மட்டும் இல்லை. ஒவ்வொரு கோட்டின் இரு கரையிலும், வாய்க்கால் வெட்டிய மண்ணை ஓரத்தில் எடுத்துப் போட்டதுபோல, நூலிழை உயரத்துக்கு ஒரு மேடு ஓடிக்கொண்டிருந்தது. சென்ற வெள்ளிக்கிழமை சந்தையில் பார்த்த வெள்ளிப் பெயின்ட் செட்டில் எழுத்து பளிச்சென்று தெரிந்ததற்கும் இதுதான் காரணம்: கண்ணுக்குப் படுவது பள்ளம் அல்ல, வரப்பு. பள்ளத்தை எத்தனை சாமர்த்தியமாக அடைத்தாலும், வரப்பு நிற்கிறவரையில் பெயரும் நிற்கும்.

ஆகவே முதலில் வரப்பை எடுக்கவேண்டும். உப்புத்தாளால் அல்ல, புது பிளேடைக் கேபினெட்டின்மேல் ஏறக்குறையப் படுக்கவைத்து, நெல்லின் உமியை உரிக்கிற நிதானத்தில், சீவிச் சீவி எடுக்கவேண்டும். அந்தச் சீவலை ஊதிவிடாதீர்கள்! ஒரு காகிதத்தில் மடித்துப் பத்திரப்படுத்துங்கள். அது எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

பிளேடை எடுப்பதற்கு முன்னால் இன்னொரு காரியம் செய்தேன். மெல்லிய காகிதத்தை அந்த எழுத்துகளின்மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து ஒரு படி எடுத்துக்கொண்டேன். கல்வெட்டுக்காரர்கள் ஈரக் காகிதத்தைக் கல்லின்மேல் ஒற்றி, பிரஷால் அடித்துப் பதியவைத்து, மேலே மையை ஒத்தி மைப்படி எடுக்கிறார்களே, அதன் எளிய வடிவம். ஆணிக் கீறலுக்கு அடியிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத மணப்பெண்ணின் முதலெழுத்துகூட அந்தப் பென்சில் படியில் வெண்மையாக எழுந்து வந்தது.

திருமழபாடிக் கோயிலின் விஷயம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டவேண்டும் என்று வந்தபோது, அதன் சுவர்களில் இருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளும்படி ராஜராஜ சோழன் உத்தரவிட்டான்; கட்டி முடித்தபின், அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில், அந்தப் படியைப் பார்த்து அவை திரும்பவும் சுவரில் வெட்டப்பட்டன. ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் அந்த நிதானம் இருந்திருக்கிறது. நம்முடைய காலத்தில், திருப்பணி என்ற பெயரில் மணலை வேகமாக வீசிச் சுவரைச் சுத்தம் செய்து, எழுத்துகளை மழுங்கடித்த கோயில்களை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். பார்த்த நாள்களில் சோறு இறங்கியதில்லை. ஒரு ரேடியோவுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்காதீர்கள். வெட்டியது யாருடைய கையாக இருந்தாலும், எடுப்பதற்குமுன் படித்துக்கொள்வது ஒரு மரியாதை.

சரி, பள்ளத்துக்கு வருவோம்.

எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியாமல் எதையும் அடைக்கக் கூடாது. பேட்டரிப் பெட்டியின் உள்ளே, வெளியில் தெரியாத மூலையில், பஞ்சில் தொட்ட அசிட்டோனை வைத்துப் பாருங்கள். பிசுக்கென்று ஒட்டி நிறம் பஞ்சில் ஏறினால் ஏபிஎஸ் அல்லது பாலிஸ்டைரீன். நான் இனிச் சொல்லப்போகிற முறை அதற்குச் செல்லும். விரலால் சுண்டினால் தகரம் மாதிரி 'கிண்' என்று சத்தம் வந்தால் பாலிஸ்டைரீனாக இருக்கலாம். அது சீக்கிரம் வெடிக்கும், கையை இலேசாக வையுங்கள். பின்னால் வந்த சில செட்டுகளின் பாலிகார்பனேட்டில் அசிட்டோன் பட்டால் உள்ளுக்குள் சிலந்தி வலைபோல விரிசல் ஓடிவிடும். அதைத் தொடவே வேண்டாம். பாலிப்ரொப்பிலீனில் எதுவுமே ஒட்டாது.

என்னுடையது ஏபிஎஸ். கூட்டின் உள்பக்கம் உபயோகமில்லாமல் நின்ற ஒரு விலா எலும்பைச் சுரண்டித் துருவலாக்கி, சின்னக் கண்ணாடிச் சீசாவில் மூன்றில் ஒரு பங்குக்குப் போட்டு, அது முழுகும்வரை அசிட்டோனை ஊற்றி மூடி வைத்தேன். (நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் எண்ணெயும் வாசனையும் கலந்திருப்பதால் அது வேண்டாம்; பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகளில் சுத்த அசிட்டோன் கிடைக்கும். சட்டென்று தீப்பற்றுகிற சரக்கு. சாமி விளக்கு எரிகிற அறையில் சீசாவைத் திறக்கவே கூடாது.) மறுநாள் காலையில் துருவல் கரைந்து, தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியான கூழாகியிருந்தது. பல் குத்தும் குச்சியின் முனையால் தொட்டு, எழுத்து எழுத்தாக, நெற்றிக்குத் திருமண் இடுகிற கவனத்தோடு நிரப்பினேன். இது ஒட்டவைப்பது அல்ல. கூழிலிருக்கும் அசிட்டோன் பள்ளத்தின் சுவரையும் இளக்குவதால், போட்டதும் இருந்ததும் ஒன்றாகக் கலந்து ஒரே பிளாஸ்டிக்காகிவிடுகிறது. அதே சாதி, அதே கடினம். தேய்த்தால் இரண்டும் சேர்ந்தே தேயும்.

ஒரு நாள் காயவிட்டேன். 400 நம்பர் வாட்டர் பேப்பரை ஒரு ரப்பர் அழிப்பானில் சுற்றி, தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன்; 800, 1500 என்று போனேன். கை வைத்துப் பார்த்தால் கண்ணாடிபோல் வழுவழுப்பு. எழுத்து இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு இரவு நான் அடைந்த சந்தோஷத்தை வர்ணிக்கப்போவதில்லை.

ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தேன். எழுத்துகள் திரும்பி வந்திருந்தன.

கூர்மையாக அல்ல, தண்ணீருக்கு அடியில் கிடக்கிற காசுபோல, மெல்லிய தாழ்வுகளாக. "அன்பளிப்பு" முழுதாக வாசிக்க முடிந்தது. மேல்தோல் காய்ந்திருந்ததே ஒழிய, அடியில் அசிட்டோன் அப்படியே அடைபட்டிருந்து, நாள் போகப்போக அது வெளியேற, நிரப்பியது அத்தனையும் உள்வாங்கிக் கீழே இறங்கியிருக்கிறது. அவசரப்பட்டு உயரமாக அப்பினால் இப்படித்தான். மெல்லிய பூச்சாகப் போட்டு, மூன்று நான்கு நாள் விட்டு, இறங்கியபின் அடுத்ததைப் போட்டு, கடைசிப் பூச்சை மேற்பரப்புக்குமேல் சற்றே மேடாக நிறுத்தி, அப்புறம் இரண்டு வாரம் அந்தக் கூட்டை எடுத்துப் பார்க்காமலே இருக்கவேண்டும். எனக்கு ஐந்து பூச்சு பிடித்தது.

அடுத்தது நிறம். உள்விலாவின் துருவல் 1978-இல் இருந்த அதே வெண்மையோடு இருக்க, முகமோ இத்தனை வருஷத்து வெயிலையும் ஜன்னல் வெளிச்சத்தையும் குடித்து மஞ்சளித்திருந்தது. மஞ்சள் வயலில் வெள்ளை எழுத்தாக அன்பளிப்பு மறுபடியும் தெரிந்தது. இந்த இடத்தில்தான் பத்திரப்படுத்திய வரப்புச் சீவல் உபயோகப்பட்டது. அது வெளி முகத்தின் தோல். மஞ்சளித்த அதே தோல். அதைத் தனியாகக் கரைத்து, கடைசிப் பூச்சாக மட்டும் போட்டேன். சீவல் ஒரு சிட்டிகைக்கு மேல் தேறவில்லை, எண்ணிச் செலவழித்தேன். அப்படியும் நூற்றுக்கு நூறு ஒன்றவில்லை என்பதால், முகம் முழுவதையுமே 2000 நம்பர் தாளால் ஒரு கை பார்த்து, பிராஸோவால் மெருகேற்றி, வித்தியாசத்தைக் கரைத்தேன். (ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்கவைக்கிற முறையும் உண்டு. சீராகத் தடவாவிட்டால் தேமல் மாதிரி திட்டுத்திட்டாக வெளுக்கும் என்பதால் எனக்குத் துணிவு வரவில்லை.)

உங்கள் செட்டின் முகம் வழுவழுப்பாக இல்லாமல் தோல்போலச் சொரசொரப்பாக இருந்தால், தேய்த்த இடம் மட்டும் வழுக்கையாகத் தெரியும். கடைசிப் பூச்சு இளகியிருக்கும்போதே, பழைய டூத் பிரஷின் மொட்டை மயிரால் நேராகக் குத்திக் குத்தி எடுத்தால் அந்தச் சொரசொரப்பு ஏறக்குறைய வந்துவிடுகிறது.

பேக்கலைட் செட்டுகள் வேறு ஜாதி. பேக்லண்ட் என்பவர் 1907-இல் கண்டுபிடித்த அந்தப் பொருள் ஒருமுறை இறுகிவிட்டால் சூட்டுக்கும் இளகாது, அசிட்டோனுக்கும் கரையாது. ஊசி பட்டால் வரப்பு கட்டாது, ஓரம் சில்லுச் சில்லாகப் பெயரும். இரண்டு கலவை எபாக்ஸியில் விளக்குக் கரியும் கொஞ்சம் செங்காவியும் குழைத்து அடைப்பதைத் தவிர வழியில்லை. மேலே பளபளப்பது ஒரு மெல்லிய தோல்தான். தேய்த்தால் உள்ளேயிருக்கிற மரத்தூள் வெளிப்பட்டு அந்த இடம் செத்துப்போகும். சில வகைகளில் மரத்தூளுக்குப் பதில் கல்நாரும் கலந்திருப்பார்கள் என்பதால், உலர்ந்த நிலையில் தேய்க்காமல் தண்ணீர் விட்டு, முகத்தைக் கட்டிக்கொண்டு தேய்க்கவேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். பெயர் வெட்டுவதற்குக் களவு பயமும் ஒரு காரணம். ஆகவே வெட்டியதை எடுப்பதற்குமுன் அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். வாக்கிடாக்கி மாதிரியானவற்றில் ஏதாவது நிறுவனத்தின் எண் வெட்டியிருந்தால் அதைத் தொடவேண்டாம். அடியில் கம்பெனி போட்ட சீரியல் எண்ணை எந்தக் காலத்திலும் தேய்க்கவேண்டாம். என்னுடைய செட், ஒரு வீட்டை இடிக்குமுன் மொத்தமாக எடைக்குப் போட்ட சாமானோடு வந்தது என்று விற்றவர் சொன்னார். அந்த வீடு எது என்று இரண்டு வெள்ளிக்கிழமை விசாரித்தேன். கிடைத்திருந்தால் செட்டையே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன்.

பென்சில் படியை நான்காக மடித்து, பின்மூடியின் உள்பக்கத்தில், பேட்டரிக் கட்டைகளுக்கு எதிரே ஒட்டிவைத்தேன். அக்காவிடம் அதையும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவள், "உள்ள இருந்தா சரிதான். அது அவங்களோடது" என்றாள். முள்ளை 720-க்குத் திருப்பினாள். சென்னை நிலையம் கரகரத்துப் பேசிற்று.

செட்டை அவளிடம் ஒப்படைக்குமுன் பெரியவரிடம் ஒருமுறை காட்டிவிடவேண்டும் என்று நேற்று கொண்டுபோயிருந்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் இடமிருந்து வலமாக மெதுவாகத் தடவினார். திரும்பி வந்து மறுபடியும் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இங்க ஒரு புள்ளி இருக்குங்க. 'ண்'ணோட புள்ளி."

எனக்குத் தெரியவில்லை. வெயிலில் சாய்த்துப் பிடித்தபோதுதான், 'நண்பர்க'ளின் மேலே கடுகு முனையளவு ஒரு குழி தெரிந்தது. வீட்டுக்கு வந்து சீசாவின் அடியில் ஒட்டியிருந்த மஞ்சள் கூழில் இரண்டு சொட்டு அசிட்டோன் விட்டு இளக்கி, ஊசி முனையால் ஒரே ஒரு துளி வைத்திருக்கிறேன். அக்காவிடம் இன்னும் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.